மீதிப் பதினைந்து நிமிடம்

செப்டம்பர் 4, திங்கள்

இந்த நோட்டை ஷாஹினா வாங்கி வைக்கச் சொன்னாள். எட்வினுக்குப் பேச்சுப் பயிற்சி தர வரும் பெண். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில், வாரம் மூன்று நாள் வருகிறாள். எட்வின் ஒரு நாளில் சொல்லும் சொற்களை நான் குறித்துவைக்க வேண்டுமாம். முதல் பக்கத்தில் அவளே ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டாள். தேதி, சொல், யாரிடம், பொருந்தியதா.

"பொருந்துச்சான்னா, தண்ணியப் பாத்து தண்ணின்னு சொன்னா பொருந்துச்சுக்கா. ஃபேனப் பாத்து தண்ணின்னா பொருந்தல. எதுவா இருந்தாலும் எழுதிருங்க."

இன்றோடு முப்பத்தாறு நாள். ஜூலை 30, ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கை நின்றது. அதன்பிறகு வாய் நின்றது. மூளையின் இடது பக்கம் அடைப்பு. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, பதில் சொல்ல வரவில்லை.

"முதல் மூணு மாசந்தான்க்கா முக்கியம். அதுக்குள்ள எவ்வளவு வருதோ அவ்வளவு. அப்புறமும் வரும், ஆனா இழுத்து இழுத்து வரும்."

அக்டோபர் கடைசி என்று மனதுக்குள் தேதி போட்டுக்கொண்டேன்.

நோட்டின் முன்பக்கம் ஷாஹினாவுக்கு. திருப்பிப்போட்டுப் பின்பக்கத்திலிருந்து எனக்கு எழுதுகிறேன். பல்கலைக்கழக நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் எழுதியதை அடுக்கியவள் நான். சொந்தமாக எழுத ஒன்றும் இருந்ததில்லை.

செப்டம்பர் 6, புதன்

தண்ணி, வேணும், வலிக்கு, வா, போதும். முதலில் வரவேண்டிய ஐந்து சொற்கள் என்று ஷாஹினா அட்டையில் எழுதிக்காட்டுகிறாள். எட்வின் உதட்டைக் குவிக்கிறார், வியர்க்கிறார், கண்ணை மூடிக்கொள்கிறார்.

முன்பக்கம் காலி.

செப்டம்பர் 8, வெள்ளி

"சாருக்குப் பாட்டுப் பிடிக்குமாக்கா?" என்று ஷாஹினா கேட்டாள். இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தேன்.

பேச்சு வராத சிலருக்குப் பாட்டு வருமாம். பேச்சு ஒரு வாசல் என்றால் பாட்டு இன்னொரு வாசல், அது திறந்திருக்கலாம் என்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அவள் சொன்ன விதிகளை எழுதிக்கொண்டேன். அவர் பதினைந்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் நடுவில் கேட்ட பாட்டாக இருக்க வேண்டும். வேகம் கூடாது. சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். பல்லவி திரும்பத் திரும்ப வர வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது.

விதிகள் இருந்தால் என்னால் எதையும் அடுக்க முடியும்.

செப்டம்பர் 9, சனி

செல்வின் வந்தார். எட்வினின் கல்லூரி விடுதி அறைத்தோழர். பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். வாசலிலேயே சத்தம்.

"ஏல எட்வின்! பொண்டாட்டி கையால கஞ்சி குடிக்கணும்னு ஆசை வந்துட்டோ? அதுக்கு இப்படியால படுக்கது?"

எட்வின் சிரித்தார். சிரிப்பு இடது பக்கம் மட்டும்தான் போகிறது.

"குரூப்புல எல்லாரும் கேக்காவ மைனி. ஆறு வாரமா மிக்ஸ் வரல. ஒருத்தன் ஆழ்ந்த இரங்கல்னே போட்டுட்டான். நாந்தான் போன் போட்டு அழிக்கச் சொன்னேன்."

அந்தக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்வின் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஆனால் கேட்டால் அதைச் சொல்லமாட்டார், "மிக்ஸ் போடுவேன்" என்பார். மூன்று வருடமாக ஒவ்வொரு வார இறுதியிலும் ஒரு தலைப்பு. 'மழை விட்ட பிறகு', 'கடைசி பஸ்', 'பாத்திரம் கழுவ டிஸ்கோ'. எழுபதுகள், எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுகளிலிருந்து பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி, எந்தப் பாட்டு எதற்குப் பின் வரவேண்டும் என்று சனிக்கிழமை முழுவதும் தலையைச் சொறிந்து, ஞாயிறு காலை வாட்ஸப்பில் அனுப்புவார். குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். லாக்டவுனில் பிடித்த பழக்கம், போய்விடும் என்று நினைத்தேன்.

யாரோ எழுதி யாரோ பாடியதை வரிசை மாற்றி வைப்பதை அவர் படைப்பு என்பார். நான் அதை அடுக்குதல் என்பேன். இதற்காக ஒருமுறை இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம்.

இப்போது அவருடைய போன் என் கையில். மூன்று பட்டியல் போட்டேன். வாய்க்கு ஒன்று: மெதுவான, கிடாரும் பியானோவும் உள்ள பாட்டுகள். காலுக்கு ஒன்று: ஃபிசியோ நடக்கவைக்கும்போது டிஸ்கோ, இரண்டு தட்டுக்கு ஓர் அடி. மனதுக்கு ஒன்று: பழைய பாப், காரணம் தேவையில்லை. பாட்டின் பெயர், வருடம், நீளம், வேகம், பல்லவி எத்தனை முறை வருகிறது என்று எழுதி அட்டவணையாக்கினேன்.

செல்வின் தாளை வாங்கிப் பார்த்தார். "டிஸ்கோவுக்கு நம்பர் போட்டு ரேக்குல அடுக்குன ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தராத்தான் இருப்பிய."

செப்டம்பர் 10, ஞாயிறு

மனதுக்கான பட்டியலைக் குழுவுக்கு அனுப்பினேன். எட்வினின் மனைவி அனுப்புகிறேன், அவர் தேறி வருகிறார் என்று ஒரு வரி. கைகூப்பிய படங்கள் நூற்றுக்கு மேல் வந்தன. சுகிர்தா என்று ஒருவர் மட்டும் "4" என்று எண்ணை மட்டும் அனுப்பியிருந்தார். நாலாவது பாட்டுப் பிடித்ததாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 14, வியாழன்

பாடினார்.

நடந்ததை நடந்தபடி மட்டும் எழுதுகிறேன். வாய்க்கான பட்டியலில் பாட்டுப் போதவில்லை. எங்கள் பழைய கேசட் நினைவுக்கு வந்தது. நிச்சயம் முடிந்த பிறகு, 1999இல், எட்வின் எனக்காகப் பதிவு செய்து அனுப்பியது. 'மாலை ஆறு மணி' என்று தலைப்பு. டேப் ரெக்கார்டர் எப்போதோ பழுதாகிவிட்டது, ஆனால் காரில் எட்டு வருடம் ஓடிய கேசட் அது, ஏ பக்கத்தின் ஆறு பாட்டும் எனக்கு வரிசையாகத் தெரியும். ஆறையும் போனில் தேடி எடுத்து அதே வரிசையில் போட்டேன்.

மூன்றாம் பாட்டின் பல்லவியில் முனகல் கேட்டது. நாலாவதில் சொல் வந்தது. முழுச் சொல், அடுத்த சொல், ஒரு வரி. ஒன்றரை மாதமாகத் தண்ணீர் என்று கேட்க முடியாத மனிதர், ஆங்கிலத்தில் நாலு வரி பாடினார். என் கையில் சோற்றுத்தட்டு இருந்தது. தட்டோடு நின்றேன்.

ஆறாம் பாட்டையும் பாடினார். ஆனால் பாதியில், ஒரு வரியின் நடுவில், சொல்லோடு நிறுத்திவிட்டார். பாட்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

செப்டம்பர் 15, வெள்ளி

ஷாஹினா ஐந்து பாட்டையும் கேட்டுவிட்டுக் கைதட்டினாள். ஆறாவதில் அதே இடத்தில் நிறுத்தினார். இன்னொரு தடவை போட்டோம். அதே இடம்.

"சரியா அங்கனயே எதுக்குக்கா நிக்காவ? மூச்சு வாங்குதா?"

மூச்சு இல்லை. எனக்குத் தெரியும். எங்கள் கேசட்டில் அந்தப் பாட்டு அந்த இடத்தில்தான் அறுந்துபோகும். அதற்கப்புறம் பதினைந்து நிமிடம் ஒன்றும் இருக்காது, டேப் ஓடும் இரைச்சல் மட்டும். அவளிடம் சொன்னபோது, "அப்போ சார் பாட்டப் பாடல, கேசட்டப் பாடுதாவ!" என்று சிரித்தாள்.

மீதியை அவளிடம் சொல்லவில்லை. கேசட் வந்தபோது நான் சென்னையில் நூலக அறிவியல் முதுகலை கடைசி வருடம். விடுதி வாசல் பூத்திலிருந்து அவருக்குப் போன் செய்து கேட்டேன், பாட்டு ஏன் பாதியில் நிற்கிறது, மீதி ஏன் காலியாக இருக்கிறது என்று. பதிவு செய்யும் டெக் மக்கர் பண்ணிவிட்டது என்றார். அப்புறம், "மீதி இடம் சும்மா இருக்கட்டும். கல்யாணத்துக்கப்புறம் நாம ரெண்டு பேரும் சேந்து நிரப்புவோம்" என்றார்.

நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. வீட்டில் பார்த்த மாப்பிள்ளை, இரண்டு தடவை பேசியிருக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காக இந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் என்று பூத்திலேயே மனதுக்குள்ளும் முடிவு செய்தேன். பிறகு நாங்கள் எதையும் நிரப்பவில்லை. கார் வந்தது, மகள் வந்தாள், சிடி வந்தது.

செப்டம்பர் 21, வியாழன்

வாஷிங் மெஷின் ரிப்பேர். கேஸ் வந்தது. மகள் புனேயிலிருந்து பேசினாள், அப்பா பாடுவதைப் போனில் கேட்டு அழுதாள். நான் அழவில்லை. அதே இடத்தில் அவர் நிற்கும்போது நானும் மனதுக்குள் நிற்கிறேன். இன்று இரண்டு பேரும் ஒன்றாக நின்று, ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ அழிந்த மூளையில் எங்கள் கேசட் அழியாமல் இருக்கிறது.

இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

அக்டோபர் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்து செல்வின் வந்தார், கூடவே ஒரு பெண்மணி. "என் தங்கச்சி மைனி, சுகிர்தா. கல்யாணமாகி விசாகப்பட்டினத்துல இருந்தா. மாப்ள தவறுன பிறகு, மூணு வருஷமா நாசரேத்துலதான் ஸ்கூல்ல வேலை பாக்கா."

அந்த "4" என்ற சுகிர்தா. காட்டன் சேலை, நரையை மறைக்காத தலை. என்னைவிட ஒரு வயது கூட இருக்கலாம்.

"எட்வின் அண்ணன் எப்படி இருக்காவ மைனி?" என்று என்னிடம் கேட்டார். எட்வின் இரண்டடி தூரத்தில் இருந்தார்.

பயிற்சி நேரம் என்பதால் வாய்க்கான பட்டியலைப் போட்டேன். வந்தவர்களுக்குக் காட்டுவதில் எனக்குப் பெருமைதான். எட்வின் நன்றாகப் பாடினார், இத்தனை நாளில் இன்றுதான் நன்றாக. செல்வின் தொடையில் தாளம் போட்டார். சுகிர்தா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு கூடவே முனகினார். நல்ல குரல்.

ஆறாம் பாட்டு. அந்த இடம் வந்தது. எட்வின் நின்றார்.

சுகிர்தாவும் நின்றார். அதே வரி. அதே சொல்.

போன் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. செல்வின் தாளம் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுகிர்தா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணே" என்றார்.

எட்வின் இடது கையால் நாற்காலியைக் காட்டினார். "உக்காரு" என்றார்.

தெளிவாக. பாட்டில் இல்லாமல், அட்டையைப் பார்க்காமல்.

"ஏல! பேசிட்டான்! மைனி, பேசிட்டான்லா!" என்று செல்வின் குதித்தார். நான் காப்பி போட அடுக்களைக்குப் போனேன்.

முன்பக்கத்தில் எழுதியாகிவிட்டது. சொல்: உக்காரு. யாரிடம்: விருந்தாளி. பொருந்தியதா: ஆம்.

அக்டோபர் 2, திங்கள்

விடுமுறை. இட்லிக்கு அரைத்தேன். உளுந்து பொங்கவில்லை.

அக்டோபர் 4, புதன்

எங்கள் கேசட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். அட்டையில் பச்சை மையில் 'மாலை ஆறு மணி', கீழே 'பியூலாவுக்கு'. கேசட்டின் மேல் 90 என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம்.

போனில் ஒவ்வொரு பாட்டின் நீளமும் இருக்கிறது. முதல் ஐந்து பாட்டு சேர்ந்து இருபத்தாறு நிமிடம் முப்பத்தெட்டு நொடி. ஆறாம் பாட்டு, அவர் நிற்கும் இடம்வரை, மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஐந்தைந்து நொடி இடைவெளி. கூட்டினால் முப்பது நிமிடம் ஐம்பத்தைந்து நொடி.

அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் அரை மணிக்கு மேல் ஒரு நிமிடம்போலத்தான் ஓடும். அதில் பதிவு செய்தால் ஆறாம் பாட்டு சரியாக அங்கேதான் அறும், டேப் தீர்ந்துபோவதால். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் அங்கே அறுவதற்குக் காரணமே இல்லை.

டெக் மக்கர் பண்ணவில்லை. என்னுடையது நகல். முன்னாலேயே இன்னொருவருக்காக அறுபதில் போட்டதை, இரண்டு டெக் வைத்த மிஷினில் தொண்ணூறுக்கு மாற்றியிருக்கிறார். அறுந்த இடத்தில் அறுந்தபடியே. மீதி பதினைந்து நிமிடத்தில் இன்னும் மூன்று பாட்டுப் போடலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

நூலகத்தில் திருட்டு ஆய்வேடுகளை இப்படித்தான் கண்டுபிடிப்போம். மூலத்தில் இருக்கும் அச்சுப்பிழை நகலிலும் இருக்கும்.

அக்டோபர் 6, வெள்ளி

குழுவில் பழைய பட்டியல்களை முதலிலிருந்து பார்த்தேன். நூற்று நாற்பத்தெட்டு வாரம். ஒவ்வொரு ஞாயிறும் சுகிர்தா ஓர் எண்ணை அனுப்பியிருக்கிறார். வேறு ஒரு சொல்லும் இல்லை. அடுத்த ஞாயிறு பட்டியலில் அந்த எண்ணுக்குரிய பாட்டுத்தான் முதல் பாட்டு. ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

நான் போட்ட பட்டியலில் அவர் கேட்ட நாலாவது பாட்டு அடுத்த வாரம் முதலில் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் எண் அனுப்பவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். ஆறாம் பாட்டு இந்த நூற்று நாற்பத்தெட்டில் ஒன்றில்கூட இல்லை.

குழுவில் இப்போது இருநூற்றுப் பதினொரு பேர்.

அக்டோபர் 9, திங்கள்

ஷாஹினா நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினாள். "உக்காருக்கு அப்புறம் ஒண்ணுமே வரலையேக்கா. அன்னைக்கு வந்தவுக யாரு?"

"அவரோட கூட்டாளி தங்கச்சி."

"அவுகள வாரத்துக்கு ரெண்டு நாள் வரச் சொல்லுங்களேன். சும்மா உக்காந்து பேசட்டும். சிலருக்குச் சிலபேரப் பாத்தாத்தான் வாய் திறக்கும். ஏன்னு கேட்டா எங்க புஸ்தகத்துலயே பதில் கிடையாது."

"அவுங்க மகனோட பெங்களூருக்குப் போயிட்டாங்க" என்றேன்.

ஷாஹினா உதட்டைப் பிதுக்கினாள். "சே. இன்னும் மூணு வாரந்தான்க்கா இருக்கு."

சுகிர்தாவுக்கு மகன் இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

அக்டோபர் 14, சனி

நேற்று செல்வினை மருந்துக்கடையில் பிடித்து, அன்று வந்த தங்கையைப் பற்றி ஷாஹினா கேட்டிருக்கிறாள். உள்ளே வந்தவர் எட்வினைக் கேலி செய்யவில்லை. நேரே அடுக்களைக்கு வந்தார்.

"சுகிர்தா நாசரேத்துலதான் இருக்கா மைனி. உங்களுக்குத் தெரியும்."

"அந்தக் கேசட் எந்த வருஷம்?"

எந்தக் கேசட் என்று கேட்காததே பதில்.

"தொண்ணூத்தி நாலு. ஜங்ஷன் ரெக்கார்டிங் கடையில மூணு நாள் உக்காந்து பொறுக்கிப் போட்டான். அவ ஒரு வருஷம் வச்சிருந்தா. எங்க அப்பா கண்டுபிடிச்சு, வேலவெட்டி இல்லாதவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு சொல்லி எங்கிட்டயே குடுத்துவிட்டாரு. நாந்தான் கொண்டுவந்து அவன்கிட்ட திருப்பிக் குடுத்தேன். அதோட முடிஞ்சுபோச்சு மைனி. சத்தியமா. அப்புறம் ஒரு நாள் பேசினது கிடையாது."

"பேசல. எண்ணு மட்டும்தான்."

"என்ன எண்ணு?"

அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

"உங்களுக்குப் போட்டுக்குடுத்ததும் மனசோட குடுத்ததுதான் மைனி. அவன்கிட்ட இருந்ததுலயே நல்லதத்தான் குடுத்திருக்கான்."

"நகல் எடுக்க மனசு எதுக்கு அண்ணே? ரெண்டு டெக் இருந்தாப் போதாதா?"

செல்வின் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோவப்படுங்க. நியாயந்தான். ஆனா அவன் வாய் திறக்கணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க. இப்போ அவளக் கூப்பிட்டா வருவா."

"மழை வரும்போல இருக்கு. குடை எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

திருப்பிக் கொடுத்த கேசட் இந்த வீட்டுப் பரணில் எங்காவது இருக்க வேண்டும். நான் ஏறவில்லை.

அக்டோபர் 18, புதன்

புதிய ஏற்பாடு. மற்ற ஐந்து பாட்டையும் எடுத்துவிட்டேன். ஆறாம் பாட்டு மட்டும், முழுதாக, காலையில் நாலு தடவை, மாலையில் நாலு தடவை. அந்த இடத்தைத் தாண்டவைக்க வேண்டும். மூளைக்குப் புதிய பாதை என்று ஷாஹினாவிடம் சொன்னேன். "நல்ல ஐடியாக்கா, ஆனா சாருக்குச் சலிச்சிராம" என்றாள்.

எட்டுத் தடவையும் அதே இடத்தில் நின்றார்.

அக்டோபர் 20, வெள்ளி

எட்டு. அதே இடம்.

அக்டோபர் 21, சனி

அவருடைய போனுக்குச் செய்தி. 'மைனி, குரூப்பில் என்னை எடுத்துவிட்டீர்கள் போல. பரவாயில்லை. அண்ணனுக்கு உபயோகம் என்றால் வந்து உட்காருகிறேன், இல்லையென்றால் வரவில்லை. சுகிர்தா.'

எழுத்துப்பிழை இல்லாத செய்தி. பதில் எழுத நாலு வரி அடித்து அழித்தேன். 'இப்போது தேவைப்படவில்லை. நன்றி' என்று அனுப்பினேன்.

செல்வின் இன்று வரவில்லை. எட்வின் மாலைவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வினுக்காகத்தான் இருக்கும்.

அக்டோபர் 25, புதன்

ஆறாம் பாட்டின் மீதி ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி. இத்தனை வருடமாக நான் அதைக் கேட்டதில்லை, தேடியதும் இல்லை. இப்போது மனப்பாடம். பெரிதாக ஒன்றுமில்லை. அதே பல்லவி, குரலை ஒரு படி ஏற்றி, மூன்று தடவை. பிறகு சத்தம் தேய்ந்துபோகிறது. இதற்காக யாரும் ஏங்கியிருக்க வேண்டியதில்லை.

இன்று நாலாவது தடவை போடப்போனபோது எட்வின் போனைத் தன் கையால் தள்ளினார். போன் கீழே விழுந்தது. உடையவில்லை. எடுத்துத் துடைத்துவிட்டுப் போட்டேன்.

அக்டோபர் 30, திங்கள்

மூன்று மாதம் முடிந்தது. ஷாஹினா அரை நாள் உட்கார்ந்து சோதித்தாள். கூடவே சொன்னால் சொல்கிறார், படத்தைக் காட்டினால் சில எழுத்து வருகிறது. தானாகச் சொன்னது என்று பார்த்தால் இன்றுவரை ஒரே சொல். அது அக்டோபர் 1.

"நான் இன்னும் கூட எதிர்பாத்தேன்க்கா" என்றாள். "இவ்வளவு நல்லா பாடுனவுக. எங்கேயோ நின்னுபோச்சு."

அவளை வாசல்வரை கொண்டுவிட்டேன். முல்லைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் காலையிலும் ஊற்றியது நினைவுக்கு வந்தது.

நவம்பர் 3, வெள்ளி

நான் அவரைத் தண்டிக்கவில்லை. பயிற்சிதான் கொடுத்தேன். இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

காலையில் குழுவுக்குக் கடைசிப் பட்டியலை அனுப்பினேன். தலைப்பு 'மாலை ஆறு மணி'. பாட்டு ஒன்றுதான், ஆறாம் பாட்டு, முழுதாக. முதல் பாட்டு ஏன் முதல், கடைசி ஏன் கடைசி என்று அவர் வழக்கமாக எழுதும் குறிப்பை நான் எழுதவில்லை. கைகூப்பிய படங்கள் வந்தன.

ஆராதனைக்குப் போகவில்லை. எட்வினுக்கு முகம் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஜன்னலோரம் அந்த நாற்காலியில் உட்காரவைத்தேன். எதிரில் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்தேன். பாட்டைப் போட்டேன்.

வேண்டாம் என்று தலையாட்டினார். ஆனாலும் பல்லவி வந்ததும் வாய் தானாகத் திறந்தது. பாடினார். கண்ணை என்மேல் வைக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தார். அந்த வரி, அந்தச் சொல். நின்றார்.

நான் போனை அணைத்தேன்.

அணைத்துவிட்டு, மீதியை நான் பாடினேன்.

எனக்குக் குரல் கிடையாது. பள்ளிக்கூடத்திலேயே பாடகர் குழுவிலிருந்து நிறுத்தப்பட்டவள். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனிதர் முன்னால் ஒரு வரி பாடியதில்லை. பாடினேன். பல்லவி ஒரு தடவை, ஒரு படி மேலே. குரல் உடைந்தது, விடவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். இரண்டாம் தடவை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஜூலை 30க்குப் பிறகு இப்படிப் பார்த்ததில்லை. இந்தப் பாகத்தை அவர் யாருக்கும் பதிவு செய்து கொடுக்கவில்லை. இது யாரிடமும் இல்லை. இதை நான் நிரப்புகிறேன் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை தொடங்கினேன்.

எட்வின் இடது கையைத் தூக்கினார். உள்ளங்கை என் முகத்துக்கு நேராக இருந்தது.

"போதும்" என்றார்.

ஷாஹினாவின் ஐந்து சொற்களில் ஒன்று. ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. அவள் கேட்டால் சந்தோஷப்படுவாள்.

நோட்டைத் திருப்பி முன்பக்கத்தில் எழுதினேன். தேதி: 5.11. சொல்: போதும். யாரிடம்: மனைவி. பொருந்தியதா: ஆம்.